சாயங்காலம் போகும் நெட்

ஆகஸ்ட் 19, திங்கள்

வக்கீல் எபனேசர் சொன்னதால் இன்று முதல் இதை எழுதுகிறேன். "அண்ணாச்சி, நுகர்வோர் கோர்ட்டுல வாய்ப்பேச்சு நிக்காது. நெட் என்னைக்குப் போச்சு, நீங்க என்ன கேட்டீங்க, அவன் என்ன பதில் சொன்னான், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதிட்டே வாங்க. வீட்டுல நடக்கிற சின்ன விஷயத்தையும் விட்டுராதீங்க. எது சாட்சியா நிக்கும்னு இப்பத் தெரியாது" என்றார்.

எழுதுகிறவன் பூவலிங்கம். அரசு பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் கோவில்பட்டி. வீட்டில் நானும் என் மனைவி செண்பகமும் மட்டும்.

புகார் இதுதான். ஆனி மாதம் ஃபைபர் இணைப்பு வாங்கினேன். டிவி, போன், இன்டர்நெட் மூன்றும் ஒரே கம்பியில் வரும், மழை, இடி வந்தாலும் நிற்காது என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். ஒரு வாரமாகச் சாயங்காலம், சரியாக நான் செய்தி பார்க்க உட்காரும் நேரத்தில், நெட் போய்விடுகிறது. நெட் போனால் டிவியும் போய்விடுகிறது. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பயனில்லை. மெயின் ரோட்டில் இருக்கும் ஏஜென்ட் சுடலைமணியின் ஆபீசுக்கு நேரில் நடந்துபோய்ச் சத்தம் போட்டால்தான் வருகிறது. நான் திரும்பி வரும்போது பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது.

கேட்டால் கொடுக்கிறான், கேட்காவிட்டால் பிடித்து வைத்துக்கொள்கிறான். பெரிய பிளானுக்கு மாற வைக்க இது ஒரு வழி. நான் முப்பது வருஷம் பஸ்ஸில் திருட்டு முழியைப் பார்த்தவன். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ முக்கியமாகப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்தக் கம்பெனிக்கு முகம் இல்லாததால் தப்பிக்கிறது.

ஆகஸ்ட் 20

கஸ்டமர் கேர். தமிழுக்கு ஒன்றை அமுக்கினேன். டிவிக்கு மூன்று, புகாருக்கு நான்கு. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று ஒரு பெண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே? கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"சார், மோடம் பாக்ஸை ஒருதடவை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி ஆன் பண்றீங்களா?"

"அதை நேத்தே பண்ணியாச்சும்மா."

"இன்னொருதடவை பண்ணுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்."

பெட்டி படுக்கை அறை மூலையில் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. எனக்குக் குனிய வராது. செண்பகம்தான் குனிந்து அணைத்துப் போட்டாள். அவளுக்கு அது இப்போது கைவந்த வேலை ஆகிவிட்டது. விளக்கு எரிந்தது. அந்தப் பெண் உடனே, "ப்ராப்ளம் சால்வ் ஆயிடுச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். போனை வைப்பதற்குள், புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள் என்று செய்தி வந்துவிட்டது. ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். நன்றி என்றார்கள்.

இன்னொன்று. எனக்கு யார் போன் செய்தாலும் ஒரு பக்திப் பாட்டு கேட்கிறதாம். நான் வைக்கவே இல்லை. நிறுத்தச் சொன்னால் அது வேறு துறை என்கிறார்கள்.

ஆகஸ்ட் 21

நெட் போனது. போய்ச் சத்தம் போட்டேன். வந்தது. ராத்திரிக்கு எலுமிச்சைச் சோறு.

ஆகஸ்ட் 23

இன்றும் போனது. ஆபீசில் சுடலைமணி டீ வாங்கிக் கொடுத்தான். சத்தம் போட வருகிறவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறவன் மடியில் கனம் இருக்கிறது. குடித்துவிட்டுச் சத்தம் போட்டேன்.

"அண்ணாச்சி, தெருவுல உங்க வீட்டைத் தவிர வேற யாரும் கம்ப்ளைன்ட் சொல்லலையே."

"அப்ப என் வீட்டை மட்டும் குறிவச்சு அறுக்கீங்க. அப்படித்தானே?"

அவன் தலையைச் சொறிந்தான்.

செண்பகத்தின் பொறுமையை இங்கே எழுதியே ஆகவேண்டும். அவள் பார்க்கிற சீரியலும் அந்த நேரத்தில்தான். முன்பெல்லாம் நடுவில் நான் தண்ணீர் கேட்டாலே கோபம் வரும். இப்போது பத்து நாளாகக் கதை பார்க்கவில்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. "போய் நல்லாக் கேட்டுட்டு வாங்க, விடாதீங்க" என்று செருப்பை எடுத்து வைக்கிறாள். இந்த மூன்று வருஷத்தில் அவள் எனக்கு ஆதரவாகப் பேசியது இந்த விஷயத்தில்தான்.

மூன்று வருஷம் என்று எழுதிவிட்டதால் காரணத்தையும் எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள், சுபாஷினி. கூட வேலை பார்த்த ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். நம்ம ஆட்கள் இல்லை. அன்றோடு இந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது. முன்னறைச் சுவரில் அவள் பட்டம் வாங்கின போட்டோ இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

செண்பகத்தின் போனை வாரம் ஒருமுறை நான் வாங்கிப் பார்ப்பது உண்டு. வேண்டாத விளம்பரங்களை அழிப்பதற்காக. வேறு எதுவும் அதில் இருந்ததில்லை.

ஆகஸ்ட் 24

நெட் போனது. தேங்காய்ச் சோறு.

ஆகஸ்ட் 26

பஸ் ஸ்டாண்டில் பழைய கண்டக்டர் அருணகிரியைப் பார்த்தேன். பேச்சுவாக்கில், "உங்க பாப்பாவை ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தேன் சார். மாசமா இருக்கு போல. முகமெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. கூட பொம்பளையாள் யாரும் இல்ல. அவுக மாமியார் தவறிட்டாங்களாமே" என்றான்.

"எனக்குப் பாப்பா கிடையாதுப்பா" என்றேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

இது புகாருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். எபனேசர் எதையும் விடாதே என்றதால் எழுதினேன். செண்பகத்திடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், போகவேண்டும் என்பாள். முதல் பிரசவம் பெற்றவள் வீட்டில்தான் பார்க்கவேண்டும் என்பாள். அது முறைப்படி கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு.

நெட் போனது. போகும்போது தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. இருபுறமும் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். மழை இல்லை, வெயிலும் இறங்கிவிட்டது. நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28

முக்கியமான நாள்.

நான் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு யாரோ வந்து போகிறார்கள்.

முன்னறைப் பிரம்பு நாற்காலி ஜன்னலோரம் நகர்ந்திருந்தது. அதன் முதுகில் ஒரு தலையணை. முன்னால் ஒரு முக்காலி, கால் நீட்டிக்கொள்ள வசதியாக. குளியலறைத் தரை ஈரம். அடுக்களையில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று அதிகம்.

"யார் வந்தா?" என்று கேட்டேன்.

செண்பகம் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, "கம்பெனிக்காரங்க வந்தாங்க. பெட்டியைப் பாத்துட்டுப் போனாங்க" என்றாள்.

"உக்காந்து சாப்பிட்டா போனாங்க?"

"ஒரு வாய் புளிச்சோறு குடுத்தேன். பசியோட வந்துச்சு, பாவம்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை ஆபீசுக்கு வரவழைத்துவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பெட்டியில் ஏதோ செய்கிறார்கள். அதற்கு இவளிடம் சோறு வேறு வாங்கித் தின்கிறார்கள். செண்பகம் சூதுவாது தெரியாதவள். அந்த ஆட்டோ இவர்களுடையதாகத்தான் இருக்கும்.

தலைமை அலுவலகத்தில் குறைதீர்க்கும் அதிகாரி என்று ஒருவர் இருக்கிறாராம். இரண்டு பக்கம் தட்டி மெயில் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 30

சுடலைமணியிடம் கேட்டேன். "நாங்க யாரையும் அனுப்பலையே அண்ணாச்சி. இருக்கிறதே ரெண்டு பேரு. ரெண்டு பேரும் கழுகுமலையில கேபிள் இழுக்காங்க."

ஒன்று இவன் பொய் சொல்கிறான், அல்லது செண்பகம் பொய் சொல்கிறாள்.

இவன்தான் பொய் சொல்கிறான்.

ராத்திரி எள்ளுச் சோறு. ஏன் தினமும் கலந்த சோறாகவே இருக்கிறது என்று கேட்டேன். "டிவி இல்லாம பொழுது போகல, வகைவகையாப் பண்ணிப் பாக்கேன்" என்றாள். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டுச்சோறு கொண்டுபோகிற நாளில் வீடு இப்படித்தான் மணக்கும். அங்கே ஏழு வகையையும் ஒரே நாளில் செய்து எடுத்துப்போவார்கள். இவள் நாளுக்கு ஒன்றாகச் செய்கிறாள்.

இந்த வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2

சுடலைமணி இன்று என்னை உள்ளே கூப்பிட்டு கம்ப்யூட்டரைக் காட்டினான்.

"அண்ணாச்சி, கோபப்படாம பாருங்க. ஃபைபர் அறுந்துபோனா இங்க சிவப்பா வரும். உங்களுக்கு ஒருநாள்கூட சிவப்பு வரல. இந்தா, கறுப்பா இருக்கு பாருங்க. பெட்டிக்குக் கரண்ட் இல்லைன்னா இப்படிக் காட்டும். யாரோ வீட்டுல ஸ்விட்ச்சை அணைக்காங்க. நீங்க தெரு தாண்டினப்புறம் கொஞ்ச நேரத்துல போட்டுருதாங்க."

"என் வீட்டுல அணைக்க ஆள் யாருடா இருக்கா?" என்றேன்.

அவன் எனக்கு இன்னொரு டீ சொன்னான். குடிக்கப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டரில் யாரும் எதையும் காட்டலாம். நான் நம்பவில்லை.

செப்டம்பர் 3

நெட் போனது. நம்பவில்லை.

செப்டம்பர் 4

செக்கிங்கில் ஒரு முறை உண்டு. பஸ்ஸை நிறுத்திச் சோதித்துவிட்டு இறங்கிவிடுவோம். வண்டியில் எல்லோரும் அப்பாடா என்று இருப்பார்கள். ஜீப்பில் முந்திப்போய் இரண்டு ஸ்டாப் தள்ளி அதே பஸ்ஸில் மறுபடி ஏறுவோம். அப்போதுதான் மாட்டுவார்கள்.

நெட் போனதும் வழக்கம்போலச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பிள்ளையார் கோயில் வரை போய், பின்சந்து வழியாகத் திரும்பிக் கொல்லைப்புறம் வந்தேன். தென்னைக்குப் பக்கத்தில் நின்றால் முன்னறைப் பேச்சு கேட்கும்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. செண்பகத்தின் சீரியல். கூடவே சுபாவின் குரல்.

மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறேன். கொஞ்சம் மூச்சிரைப்புடன் இருந்தது. மற்றபடி அதே குரல்தான்.

"பதினஞ்சாந்தேதி வாக்குல ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லுதாங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு. நீ வருவேல்ல?"

"வராம? ஆனா அன்னைக்கு உங்கப்பா எம்புட்டு நேரம் சண்டை போடுவாகன்னு தெரியலையேடி. ஒரு மணி நேரத்துல திரும்பிட்டாகன்னா நான் என்ன செய்ய?"

"ராத்திரில வலி வந்துச்சுன்னா?"

செண்பகம், "ராத்திரி ஆபீஸ் பூட்டிருவானேடி" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன். கவனித்துக் கேட்டால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பிறகு ஒருத்தி அழுதாள். யார் என்று தெரியவில்லை.

உள்ளே போயிருக்கலாம். கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன். கால் வரவில்லை. வந்த வழியே திரும்பி ஆபீசுக்குப் போனேன். சுடலைமணியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, எப்போதும் திரும்புகிற நேரத்துக்குத் திரும்பினேன்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டாள் செண்பகம்.

"பாக்கேன்னான்" என்றேன்.

செப்டம்பர் 5

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 6

கோபமாகத்தான் இருக்கிறது. என் வீட்டில், என் முதுகுக்குப் பின்னால். கம்பெனி ஏமாற்றினால் கேட்க கோர்ட் இருக்கிறது, இதை எங்கே போய்க் கேட்பது? நெட் போனதும் கிளம்பினேன். கூடுதலாகக் கொஞ்ச நேரம் பெஞ்சில் இருந்தேன். அது ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முட்டி வலி, உடனே எழ முடியவில்லை.

செப்டம்பர் 9

குறைதீர்க்கும் அதிகாரியிடமிருந்து பதில் வந்துவிட்டது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்து மன்னிப்புக் கேட்டிருந்தார். மதியம் செண்பகம் சந்தைக்குப் போயிருந்தபோது, திருநெல்வேலியிலிருந்து நிஜமாகவே ஒரு ஆள் வந்தான். பெட்டிக்குப் பின்னால் பேட்டரி ஒன்றை மாட்டினான்.

"இனிமே கரண்ட் போனாலும், ஸ்விட்ச்சை யாரு அணைச்சாலும் நெட் நிக்காது சார். அஞ்சாறு மணி நேரம் தாங்கும். உங்க கேஸுக்காக ஸ்பெஷலா அப்ரூவ் பண்ணி அனுப்பிருக்காங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு கம்பெனியை நான் ஜெயித்தது இதுதான் முதல் தடவை. அவனிடம் வேண்டாம், கழற்றிக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

செண்பகம் வந்ததும் சொல்லவில்லை. சாயங்காலம் அவளுக்கு முதுகுவலி, சீக்கிரம் படுத்துவிட்டாள். ஆட்டோவும் வரவில்லை.

செப்டம்பர் 10

இதை எபனேசருக்காக எழுதவில்லை.

காலையிலிருந்தே அடுக்களையில் வெல்லப்பாகு மணம். சர்க்கரைப் பொங்கல். நெய்யை நான் பார்க்கும்போதே தாராளமாக ஊற்றினாள். கட்டுச்சோற்றில் கடைசி வகை இனிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

சாயங்காலம் செய்தி வைத்தேன். விவாதத்தில் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். செண்பகம் படுக்கை அறைக்குப் போனாள். ஸ்விட்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்து டிவியைப் பார்த்தாள். நான்கு பேரும் கத்திக்கொண்டே இருந்தார்கள். மறுபடி உள்ளே போனாள். இந்த முறை பிளக்கையே பிடுங்கியிருக்கிறாள், அலமாரி நகர்கிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தாள். டிவி ஓடியது. படம் துல்லியமாக இருந்தது.

மூன்றாம் தடவை உள்ளே போகவில்லை. அடுக்களை வாசலில் தூக்குச்சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, தெருவையும் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெற்றெடுத்த பிள்ளைக்கு ஒருவாய் சோறு கொடுக்க, இந்த வயசில் அலமாரிக்கு அடியில் நுழைந்து வயரைப் பிடுங்கவேண்டி இருக்கிறது. அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுபோனவன் கம்பெனிக்காரன் இல்லை.

நான் எழுந்தேன்.

"செண்பகம், நெட் போயிருச்சு" என்றேன்.

அவள் டிவியைப் பார்த்தாள். அதில் ஒருவர் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில், "ஆமாங்க. போயிருச்சு" என்றாள்.

"நான் போய்க் கேட்டுட்டு வாரேன்."

செருப்பை நானே போட்டுக்கொண்டேன். தெருமுனையில் ஆட்டோ நின்றது. நேராகப் போய்ப் படுதாவை விலக்கினேன். சுபா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, கால் அதைவிட வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள், நான் அடிக்க வந்தவன் மாதிரி. அதைத் தாங்க முடியவில்லை.

ஆட்டோக்காரரிடம்தான் பேச வந்தது. "இங்க எதுக்குப்பா நிக்கே? வாசல்ல கொண்டுபோய் நிறுத்து. இந்தப் பள்ளத்துல பிள்ளை எப்படி நடந்து வரும்?"

"அப்பா" என்றாள்.

"வீட்டுல நெட் இல்லம்மா. ஆபீஸ் வரைக்கும் போறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பயந்துகொண்டே கேட்டாள்: "சரியா எவ்வளவு நேரம்ப்பா ஆகும்?"

"மூணு மாசம் ஆகுமாம். பிள்ளை தலை நிக்கிற வரைக்கும். உன் துணிமணியெல்லாம் எடுத்துட்டு வந்துரு. வாத்தியாரையும் ராத்திரி சாப்பாட்டுக்கு வரச் சொல்லு" என்றேன்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஆபீசுக்குப் போனேன். சுடலைமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, பேட்டரி வச்சும் போயிருச்சா?" என்று கேட்டான். போய்விட்டது என்றேன். அவன் டீ சொன்னான். இந்தத் தடவை இரண்டு டம்ளர் குடித்தேன், வீட்டுக்குப் போக அவசரமாக இருந்தபோதும்.